ஓட்டைக் கை ஜெராட்

கரண்ட் போனதற்குக் காரணம் நான்தான்.

பியர்பொன்ட்ஸில் பேரின்பநாதன் அண்ணையின் வீட்டு பேஸ்மென்ட். கேலிக் கால்பந்து என்ற ஐரிஷ் ஆட்டம் ஆடும் எங்கள் கழகத்துக்கு முப்பது வயதானதற்கு விருந்து. தேநீர்க் கேத்தலைத் தூக்கச் சொல்லி என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகப் போய்த் தூக்கினேன். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துத்தான் தூக்கினேன். அது என் விரல்களுக்குள்ளிருந்து நழுவி, நேரே பிளக் கட்டையின் மேல் விழுந்தது. டப். ஒரு நீலப் பொறி. பிறகு இருட்டு.

"ஆரது, சிவானந்தமோ?" என்றது பேரின்பநாதன் அண்ணையின் குரல்.

"ஓம் அண்ணை."

"கேட்டிருக்கவே தேவையில்லை."

ஈரம் காயும்வரை ஒருவரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். வெளியே ஒக்டோபர் மழை. கேக்கின் மேலிருந்த மூன்றையும் பூச்சியத்தையும் கொளுத்தினோம். அந்த இரண்டு மெழுகுதிரிகளைச் சுற்றி பன்னிரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தோம். என் வலப்பக்கக் கதிரையில் இந்திராதேவி அக்கா. எங்கள் முதல் கோல்காப்பாளர் ஜெராட்டின் மனைவி. கணவரின் பெயரில் நினைவுச் சின்னம் வாங்க வந்தவர், குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அங்கிள், நீங்கள்தானே இருட்டாக்கினனீங்கள்," என்றாள் பிரஷாந்தினி. பெண்கள் அணித் தலைவி, வாய் கொஞ்சம் நீளம். "நீங்களே ஒரு பேய்க்கதை சொல்லுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் சொல்ல எனக்குத் துணிவில்லாத ஒரு கதை பல நாளாக என் நெஞ்சுக்குள் கிடந்தது. கேட்க வேண்டியவரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

"இது எனக்கு நடந்ததில்லை," என்று தொடங்கினேன். "என்ர சிநேகிதன் ஒருத்தன்ர மச்சானுக்கு நடந்தது."

"எல்லாப் பேயும் அந்த மச்சானிட்டத்தானே போகுது," என்றாள் பிரஷாந்தினி.

இரவு பதினொன்று நாற்பது. ஆற்றோரத் தெரு. கடைசி பஸ் போய்விட்டது. விளக்குக் கம்பங்கள் தூரத் தூர... அதிலும் இரண்டு எரியவில்லை. அந்த மச்சான் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறான். பின்னேர ஆட்டம் முடிந்து கொடிகளை மறந்து வந்துவிட்டான். அவன் நடுவருக்கு உதவியாக கோல் கம்பத்தடியில் நிற்கிறவன். வெள்ளைக் கோட்டு, கையில் இரண்டு கொடிகள். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, பச்சைக் கொடி. இவ்வளவுதான் வேலை. மாடுகூடச் செய்யலாம். மாட்டுக்கு இறைச்சி ரோல்ஸ் தின்னும் ஆசை இல்லை என்பதால் இன்னும் நன்றாகவே செய்யும்.

அன்று மாலைதான் அவன் தன் கழகத்தின் வரலாற்றை எழுதி அச்சுக்கு அனுப்பியிருந்தான். இருபத்துநான்கு பக்கம். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் ஏழு ஐரிஷ்காரர்கள் தொடங்கிய கழகம். ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போது பூசைக்கு வந்த ஒரு மட்டக்களப்பு மனிதர் வேலியருகே நின்று பார்த்தார். காலாலும் அடிக்கிறார்கள், கையாலும் குத்துகிறார்கள். "இது எங்கட வொலிபோலும் புட்போலும் கலியாணம் கட்டின மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டு உள்ளே இறங்கினார். அவர் பெயரைக் கேட்ட ஐரிஷ்காரர்களுக்குப் பெரிய சந்தோஷம். தங்கள் ஊர்ப் பெயர் என்று நினைத்தார்கள். அடுத்த கிழமை அவர் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து எட்டுத் தமிழ்ப் பெடியன்களைக் கூட்டி வந்தார். ஏழும் எட்டும் பதினைந்து. கழகம் பிறந்தது.

அந்த மனிதருக்குக் கைகள் பலகை மாதிரி. விளையாட முதல் மணிக்கட்டில் கோடாலித் தைலம் பூசுவார். அவர் பிடித்த பந்து நழுவி ஒருவரும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் பேரின்பநாதன் அண்ணை செருமினார். அந்த மனிதர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் வலப்பக்கம் திரும்பவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன்பு அந்தக் கழகம் ஒரேயொரு தடவை இறுதிப்போட்டிக்குப் போனது. கடைசி நிமிடம். இரண்டு புள்ளியால் முன்னுக்கு நிற்கிறார்கள். மச்சான் கம்பத்தடியில். அவன் கையில் கொடி இல்லை, ரோல்ஸ் தட்டு. வீட்டில் சுட்டது, ஆறினால் வீண் என்று பார்வையாளர்களுக்குப் பரிமாறுகிறான். கொடிகள் புல்லில் கிடக்கின்றன. திடீரென்று ஒரு கூச்சல். திரும்பினால், கோல்காப்பாளர் கோல் கோட்டின் மேல் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். பந்து கோட்டைக் கடந்ததா என்று நடுவர் இவனையே பார்க்கிறார். எதிரணி முழுவதும் இவனையே பார்க்கிறது. வாய் நிறைய ரோல்ஸ். பதறிப்போய் தட்டைப் போட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட கொடியைத் தூக்கினான்.

பச்சை.

நடுவர் ஓடி வந்து, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருநூறு பேருக்கு முன்னால், தின்றுகொண்டு நின்றேன் என்று சொல்வதற்கு வெட்கம். தெரியும் என்றான். தன் அணிக்கு எதிராகவே கொடி தூக்குகிறவன் பொய் சொல்வானா? நடுவர் நம்பினார். மூன்று புள்ளி. ஒரு புள்ளியால் தோல்வி.

கோல்காப்பாளர் பந்தோடு அவனிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"மச்சான்... நீ கண்டனியா?"

"நான் ரோல்ஸைத்தான் மச்சான் கண்டனான்," என்றான் இவன்.

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் பகிடியாகச் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஓட்டைக் கை என்று பெயர். கடையில், கோயில் திருவிழாவில், கலியாண வீட்டில்... எங்கே போனாலும் யாராவது எதையாவது தூக்கிப் போட்டு, "பிடி பாப்பம்" என்பார்கள். விளையாட வருவதை நிறுத்தினார். ஐந்தாம் வருடம், தை மாதத்தில் ஒரு காலை, வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தார். எழும்பவில்லை. சவப்பெட்டிக்குள் அவருடைய கோல் கையுறைகளையும் மனைவி வைத்தார். மச்சான் அதைக் கண்டான். இதை மட்டும் ஒழுங்காகக் கண்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் வரலாற்றின் பதினான்காம் பக்கத்தில் அவன் எழுதியது என்ன? 'கோல்காப்பாளரின் கையிலிருந்து பந்து நழுவியதால் கிண்ணத்தை இழந்தோம்.'

பூச்சியம் உருகி அணைந்தது. மூன்று மட்டும் எரிந்தது. விருந்துக்கு அச்சாகி வந்திருந்த வரலாற்றுப் புத்தகத்தை யாரோ புரட்டும் ஓசை கேட்டது.

சரி. பதினொன்று நாற்பது. மைதானம். காரை நிறுத்தி விளக்கை அணைத்தான். ஆற்றிலிருந்து பனிப்புகார் ஏறியிருந்தது. கோல் கம்பங்களின் மேல் நுனிகள் மட்டும் தெரிந்தன. ஈரப் புல்... நடக்க நடக்க சப்பாத்துக்குள் தண்ணீர். பாதி வழியில் அந்தச் சத்தம்.

தொப்.

பந்து உள்ளங்கையில் விழும் சத்தம்.

தொப்... தொப்...

யாரோ பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்தான். இந்த நேரத்திலா? ஆராவது பைத்தியக்காரர்கள். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டு நின்றது. தான் மறந்துபோய்க் கொழுவிவிட்ட கோட்டு என்று நினைத்தான். பிறகுதான் ஞாபகம் வந்தது... கோட்டு அவன் காரில் இருந்தது.

தைல மணம். கோடாலித் தைலம், ஈர ரப்பர்.

சடார் என்று கொடி விரிந்தது. இருட்டிலும் அது பச்சை என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். புகாருக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து அவன் காலில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தான். சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் ஒருவர் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த சூடு.

"மச்சான்... நீ கண்டனியா?"

பதில் சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவையாகக் கிடைத்த சந்தர்ப்பம். ஆனால் பயம் வந்தால் அவனுக்குப் பகிடிதான் வாயில் வரும்.

"இருட்டில என்னத்தை மச்சான் காணுறது?"

பிறகு பந்து என்ர கையிலிருந்து...

"அங்கிள்," என்றாள் பிரஷாந்தினி மெதுவாக. "என்ர கை எண்டு சொன்னனீங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இனி மச்சானால் எனக்குப் பிரயோசனம் இல்லை.

பந்து என் கையிலிருந்து நழுவியது. அன்றிலிருந்து எல்லாம் நழுவுகிறது. கோப்பை, போன், திறப்புக் கோர்வை, மெட்ரோ அட்டை. இரண்டு கையாலும் பிடித்தால் இன்னும் கெதியாக நழுவுகிறது. யாரோ அடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவது போல. டொக்டர் விற்றமின் எழுதித் தந்தார். ஐயர் சனி என்றார். மனைவி, "நீங்கள் எப்ப ஒழுங்காப் பிடிச்சனீங்கள்?" என்கிறாள். எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். நேராகப் பதில் சொல்ல ஒரு சீவன் இல்லை.

கேத்தல் போகட்டும். என் மகள் தனுஷிகாவுக்குக் குழந்தை பிறந்து இருபத்தாறு நாள். பெண் குழந்தை. முதல் பேரப்பிள்ளை. "அப்பா, தூக்குங்கோவன்," என்று நீட்டுகிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. தடிமன், இருமல் என்கிறேன், கை கழுவவில்லை என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், பெயர் வைக்கும் சடங்கு. ஐயர் வருவார், சொந்தம் முழுவதும் நிற்கும், பிள்ளையைப் பட்டுத்துணியில் சுற்றி என் கையில்தான் வைப்பார்கள். பெயரை அதன் காதில் நான்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பகிடி இல்லாமல் சொல்லி முடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. நடுவில் எங்கோ கதிரை ஒன்று கிறீச்சிட்டது, யாரோ படியேறினார்கள். பேரின்பநாதன் அண்ணை பியூஸ் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று என்ற திரியும் அணைந்துபோய் முழு இருட்டு.

"நான் காணேல்லை," என்றேன். "பந்தையும் காணேல்லை, கோல் கோட்டையும் காணேல்லை. ஜெராட் பிடிச்சவர். அவற்ர கையில ஓட்டை இல்லை. நான் பொய் சொன்னனான்."

அப்போது என் வலக்கையை ஒரு கை பிடித்தது. தடித்த கையுறை போட்ட கை. இந்திராதேவி அக்கா கையுறையைக்கூடக் கழற்றவில்லையாக்கும் என்று நினைத்தேன். இறுக்கமான, நழுவாத பிடி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் கையைப் பிடிக்கிறார். மன்னிப்பு என்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றேன், என் பக்கத்துக் கதிரையைப் பார்த்து. "ஒரு கேள்வி. ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளையைத் தூக்கலாமோ?"

பதில் வந்தது. ஆனால் பக்கத்திலிருந்து வரவில்லை. பேஸ்மென்டின் மறு கோடியிலிருந்து, படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்தது.

"நான் இஞ்சை நிக்கிறன், தம்பி. பேரின்பம் அண்ணைக்கு லைட் பிடிக்க மேல வந்தனான். நீங்கள் சொன்னது எல்லாம் கேட்டது."

என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. ஈர ரப்பர். கோடாலித் தைலம்.

"நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டன்," என்றார் இந்திராதேவி அக்கா, மேலிருந்து, ஒரு நடுக்கமும் இல்லாமல். "அவர் மன்னிக்கேல்லை. பிள்ளையைத் தூக்காதையுங்கோ."