காணான்கோழிக்கு ஒரு சாட்சி

பறவை பார்க்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர் இல்லை, சார்ஜென்ட், நல்ல காலுறை. கால் நனைந்துவிட்டால் எவ்வளவு அபூர்வமான பறவை வந்தாலும் மனம் அதில் நிற்காது. என் நண்பன் வேலாபிக்கு இதை இருபது வருஷமாகச் சொல்லி வந்தேன். நேற்றும் ஓட்டைக் காலுறையோடுதான் வந்தான்.

நல்ல காலைதான் அது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, எங்கள் பக்கம், மார்ச் கடைசி என்றால் கோடை மூட்டை கட்டுகிற நேரம். தகைவிலான் குருவிகள் வடக்கே கிளம்பத் தயாராகக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. லேசான மேகமூட்டம், முகத்தில் சில்லென்று காற்று. சதுப்புநிலப் பூங்காவின் கதவு திறந்ததும் நாங்கள் இருவரும்தான் முதலில் நுழைந்தோம். ஏழு மணிக்குள் நாற்பத்திரண்டு வகை பார்த்துவிட்டோம். இலைக்கோழி ஒன்று அல்லி இலையில் சறுக்கி விழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது.

"நம்ம சங்கத் தலைவர் மேடையேறுற மாதிரியே இருக்குடா" என்று வேலாபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுநூறு வகை பார்த்தவர்களுக்கு எங்கள் பறவைச் சங்கம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளைக் குருவி தரும். அதற்காக முப்பத்தோரு வருஷம் சேற்றில் நடந்திருக்கிறேன். என் மனைவி பார்த்துப் பார்த்து அலுத்து, தங்கை வீட்டோடு போய்விட்டாள். வரும் சனிக்கிழமை விருந்தில் அந்தக் குருவி எனக்குக் கிடைக்க இருந்தது. எங்களிடம் சோதனை எதுவும் கிடையாது, எல்லாம் நம்பிக்கைதான். அபூர்வப் பறவை என்றால் மட்டும், கூட இருந்தவர் தானும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வெண்சிறகுக் காணான்கோழியைப் பார்த்ததாக நான் எழுதினேன். நாணலுக்குள் ஏதோ அசைந்தது உண்மை. வேலாபி அப்போது எனக்கு முதுகைக் காட்டி டீ ஊற்றிக்கொண்டிருந்தான். ஆனாலும் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டான்.

நேற்று ரஸ்கை டீயில் முக்கிக்கொண்டே சொன்னான்: "ஜகேலே, சனிக்கிழமை எந்திரிச்சு உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்டா. நான் அந்தக் கோழியப் பாக்கவே இல்ல. மனசு உறுத்துது."

"எட்டு வருஷமா உறுத்தாதது இப்ப என்னடா உறுத்துது?"

"அப்ப நீ எழுநூறு வரைக்கும் வருவேன்னு யாரு கண்டா?"

நானும் சிரித்தேன். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, பயம். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதை யார் நம்புவார்கள்? முப்பத்தோரு வருஷமும் பொய்யாகிவிடும்.

"இன்னிக்கே நெஜமா பாத்துடுவோம். பாத்துட்டா நீ சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காதுல்ல" என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. என் தோளில் தட்டினான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். பலகைப் பாதையிலிருந்து இறங்கி, நாணல் இரண்டாகப் பிளந்து தண்ணீருக்குப் போகிற இடத்தில் தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றினேன். அது நீர்யானை வழி. இரவெல்லாம் கரையில் மேய்ந்துவிட்டு அதன் வழியாகத்தான் தண்ணீருக்குத் திரும்பும். மேகமூட்டமான நாளில் தாமதமாகத் திரும்பும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் கடித்தே கொன்றுவிடும் என்பது எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். சேற்றில் கரைப்பக்கம் போன தடம் இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. பக்கத்தில் குட்டியின் சின்னத் தடமும் இருந்தது. கீழே பார்த்திருந்தால் வேலாபிக்கும் புரிந்திருக்கும். நான் நிறுத்திய இடம் என்பதால் அவன் பார்க்கவில்லை.

"அதோ, மூணாவது கோரைக்கு அடியில" என்று முணுமுணுத்தேன். அவன் குனிந்து கண்ணை வைத்ததும் நான் பலகைப் பாதையில் ஏறிக்கொண்டேன். எங்களுக்குள் ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஒருவன் பறவையைப் பார்க்கும்போது மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

அவனுக்குப் பின்னால் நாணல் ஆடியது. முதலில் காது தெரிந்தது, பிறகு முதுகு. இருபதடி தூரம் இருக்கும். வேலாபி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை எடுக்காமலே, ரொம்ப மெதுவாக, "இருக்குடா, ஜகேலே. பாத்துட்டேன். வெள்ளைச் சிறகு. சனிக்கிழமை நான் ஒண்ணும் சொல்லல, போ" என்றான்.

அப்போதும் நேரம் இருந்தது. நான் பேசவில்லை.

ஏன் கத்தவில்லை என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். கத்தினால் பறவை பறந்துவிடும் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள். அந்தக் கோரையடியில் எதுவும் இல்லை. முக்காலியை ஊன்றும்போதே பார்த்தேன். சாகட்டும் என்றுதான் அவனை அங்கே நிறுத்தினேன்.

என் நோட்டுப் புத்தகத்தை மட்டும் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். காணான்கோழிக்கு நேரே பழைய தேதியை அடித்து நேற்றைய தேதி போட்டிருக்கிறேன். சாட்சி, வேலாபி. கையெழுத்துப் போட அவன் இல்லைதான். ஆனால் பார்த்தேன் என்று தன் வாயால் சொன்னான், சார்ஜென்ட். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.