தூக்கிப் பார்க்காத விரிப்பு

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும். வீட்டில் பால் திரிந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். பழைய கார்களை மதிப்பிடும் வேலைக்கு இந்த மூக்கோடு வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டேன்.

புது வண்டி வாங்க வருகிறவர்கள் பழையதை எங்கள் ஷோரூம் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பது நான். நல்லதென்றால் முன்கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு வட்டம். எங்கள் வாசலிலேயே விற்பனைக்கு நிற்கும். சுமாரென்றால் ஒரு கோடு, ஏலத்துக்குப் போகும். தேறாதென்றால் பெருக்கல் குறி. உடைக்கிற இடத்துக்குப் போகும். நான் போட்ட குறியை முதலாளிகூட அழிக்க மாட்டார். பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

மனிதர்கள் தங்கள் வண்டிக்குள் எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது ஐயா. கடித்துத் துப்பிய நகம், சீட்டுக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம், கதவுக் கைப்பிடியில் காய்ந்த சளி. வெளியே இஸ்திரி போட்ட சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அவர்களோடு கை குலுக்கவே அருவருப்பாக இருக்கும்.

அந்த வெள்ளை வண்டியின் கதவைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. புளித்த பாலும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் குறி போட வேண்டும். நான் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, வெளியே நின்றபடியே வட்டம் போட்டுவிட்டேன். பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது வெள்ளத்துல மூழ்கின வண்டி. விரிப்புக்கு அடியில ஒரே சேறு, எலி செத்துக் கெடக்கு. பிரேக் பைப்பெல்லாம் துரு தின்னுடுச்சு. உடைக்கத்தான் அனுப்பணும்."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பைப்பை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். மாற்றினால் வேலைச்சீட்டு எழுத வேண்டும், அதில் காரணம் எழுத வேண்டும். வட்டத்தை அழித்துப் பெருக்கல் போட்டால் ஷோரூமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஏலத்துக்கு வருகிறவர்களோ டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். விரிப்பைத் தூக்கிப் பார்க்காத ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

என் தங்கை அப்போது கார் தேடிக்கொண்டிருந்தாள்.

கழுவுகிற ஆளை விட்டு எலியை எடுக்கச் சொன்னேன். விரிப்பை மாற்றி, எலுமிச்சை வாசனை அடித்தேன். மெக்கானிக்கிடம், வண்டி உடைக்கப் போய்விட்டது என்றேன்.

"அண்ணா, நீ பாத்த வண்டி. இதுல நான் வேற என்னத்தப் பாக்கப் போறேன்?" என்று சாவியை வாங்கிக்கொண்டாள் தங்கை. அவள் மகளுக்கு ஏழு வயது. புது விரிப்பின் மேல் ஷூவோடு குதித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தங்கை போன் செய்தாள்.

"பிரேக்கு சில சமயம் தரை வரைக்கும் இறங்குதுண்ணா."

"உனக்கு இன்னும் கால் பழகல. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துச் சரிவில் வண்டி நிற்கவில்லை. நின்றிருந்த லாரிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. தங்கை பிழைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை என் கையை விடவே இல்லை. "பாப்பா ஏதோ கேட்டா, நான் திரும்பிட்டேண்ணா. என் தப்புதான். வண்டி மேல ஒண்ணுமில்ல, நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் அப்படியே நம்பிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் நல்லது என்று பட்டது.

நொறுங்கிய வண்டி எங்கள் வளாகத்துக்கே திரும்பி வந்தது. மெக்கானிக் அடையாளம் கண்டுகொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பெருக்கல் குறியை என் கையாலேயே போட்டேன். அப்போதாவது விரிப்பைத் தூக்கிப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. ரத்தம் காய்ந்த வாடை. என்னால் கிட்டே போக முடியவில்லை.

தெரிந்தேதான் கொடுத்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழைய சொந்தக்காரரையும் ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள் ஐயா. வண்டியை அவர் கொஞ்சம் சுத்தமாக வைத்திருந்தால், நான் அன்றைக்கே குனிந்து பார்த்திருப்பேன்.