ஸ்கார்த்பி ரோடில் ஏறியவர்கள்

காலை ஐந்தே முக்கால். ஜனவரி. ஸ்கார்த்பி ஊரிலிருந்து ஸ்கார்த்பி ரோடு நிலையத்துக்கு இரண்டு மைல். இரு பக்கமும் வடிகால், நடுவில் நேர்ச்சாலை. ஒரு மரம் கிடையாது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நிலையத்தின் பெயரில் 'ரோடு' என்று இருந்தால், ஊர் அங்கே இல்லை என்று அர்த்தம்.

விளக்கைக் கொஞ்சம் குறை, நார்மன்... போதும்.

"அந்த நிலையத்துக்கு நம்ம புத்தகத்துல ரெண்டே வரிதானே எழுதியிருக்க?" என்றான், மூடிய ரயில் நிலையங்களைப் பற்றி என்னோடு சேர்ந்து புத்தகம் எழுதும் நார்மன். "திறந்த வருஷம், மூடின வருஷம்."

மீதி இதுதான். டென்னிஸ் எப்டன் என்னிடம் சொன்னது. நிலையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட வில்ஃப், அவனுடைய சித்தப்பா.

அறுபத்திரண்டு ஜனவரியில் ஒரு வாரம் தலை எண்ணச் சொல்லி ரயில்வே மேலிடத்திலிருந்து தாள் வந்தது. ஒவ்வொரு ரயிலிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுத வேண்டும். குறைந்தால் நிலையம் மூடப்படும்.

ஊரே கிளம்பிவிட்டது. வேலை இருந்தவர்கள், இல்லாதவர்கள், எல்லோரும். ஆறு நாள், ஆலங்கட்டி மழையில், இருட்டில், இரண்டு மைல் நடந்து 6.10 ரயிலில் ஏறினார்கள். லிங்கன் நகரில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குக் குறையவில்லை. டென்னிஸுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவனும் ஆறு நாளும் போனான்.

"உங்க வீட்டுப் பன்னியைக் கூட்டிட்டு வந்திருந்தா அதையும் எண்ணியிருப்பேன்டா," என்பான் வில்ஃப், டிக்கெட் கொடுத்துக்கொண்டே. எல்லோரும் சிரிப்பார்கள்.

மேவிஸ் பிளான்சர்டுக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. அவள் கணவன் ரான் லிங்கனில், காசநோய் மருத்துவமனையில் கிடந்தான். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ரயில். தினமும் சன்னலருகே குனிந்து கேட்பாள்.

"என்னை எழுதிட்டியா, வில்ஃப்?"

"உன்னைத்தான் முதல்ல எழுதினேன், மேவிஸ்."

பிப்ரவரியில் ஊர்க்கூடத்தில் விசாரணை. மேலிடத்து ஆள் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஸ்கார்த்பி ரோடு, காலை ரயில்... நாளொன்றுக்குச் சராசரி நான்கு பேர்.

கணப்பில் கரி சரிந்தது மட்டும் கேட்டது.

டென்னிஸ் எழுந்தான். "சித்தப்பா... நான் தினம் உங்க கையாலதானே டிக்கெட் வாங்கினேன்?"

வில்ஃப் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மேவிஸ் எழுந்திருக்கவில்லை. "என்னைக் கூடவா, வில்ஃப்?" என்றாள். அவ்வளவுதான்.

எண்ணிக்கையைக் குறைத்து எழுதினால் பெரிய நிலையத்தில் வேலை தருவதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தரவில்லை. மார்ச்சில் நிலையத்தை மூடினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நடைமேடையை ஒட்டிய வீட்டில் அவனை மட்டும் விட்டுவிட்டார்கள். மே மாதம் ரான் இறந்தான். ரயில் இல்லாமல் மேவிஸ் லிங்கனை எட்டியபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதன்பின் டென்னிஸ் சித்தப்பாவிடம் பேசவில்லை. பதினேழு வருடம்.

எழுபத்தொன்பது ஜனவரி. இரவெல்லாம் பனி. விடிவதற்கு முன் டென்னிஸின் வீட்டில் தொலைபேசி அடித்தது. அவன் மனைவி ஜோன் எடுத்தாள். கேட்டாள். வைத்தாள்.

"உங்க சித்தப்பாதான்," என்றாள். "தினம் வருவாங்களாம். ஆறு பத்து ஆனதும் போயிடுவாங்களாம். இன்னிக்கு மணி ஏழாகியும் போகலையாம்."

"யாரு?"

"சொல்லல. அழுதாரு."

டென்னிஸ் நடந்தே போனான். கார் போகாது. பனி விழுவது நின்றிருந்தது. முழங்கால் ஆழம். சாலையில் போன தடமும் இல்லை, வந்த தடமும் இல்லை. நிலையத்தை நெருங்கியபோது ஒரு வாடை... நனைந்த கம்பளிக் கோட்டு, இருமலுக்குச் சப்பும் புதினா மிட்டாய். நிறையப் பேர் நெருக்கி நிற்கும் இடத்தின் வாடை. யாரும் இல்லை.

பின்கதவு திறந்திருந்தது. வில்ஃப் சமையலறையில், பழைய சீருடையில், தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். மேசை முழுக்கத் தாள்கள். எல்லாவற்றிலும் பெயர்கள். விரல்கள் மையில் நனைந்திருந்தன. தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தான்.

"எல்லாரையும் எழுதிட்டேன்," என்றான். "வாசிச்சுக் காட்டினேன். கதவு வழியா. அப்பவும் போகல."

டென்னிஸ் முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கினான். அது நேரே நடைமேடைக்குத் திறக்கும்.

நடைமேடை முழுக்க வெள்ளை. ஒரே சீராக. அதில் பனி விழாத இடங்கள் இருந்தன. சின்னச் சின்னதாக, ஜோடி ஜோடியாக, பாதங்களின் அளவில். உள்ளே கல் காய்ந்திருந்தது. பனி விழ ஆரம்பிக்கும் முன்பே வந்து, விழுந்து முடியும்வரை அசையாமல் நின்றால்தான் அப்படி ஆகும். பெரியவை, சிறியவை, பெண்களின் குறுகிய குதிகால் காலணிகள். வரிசை வரிசையாக.

எதுவும் தண்டவாளம் இருந்த பக்கம் பார்க்கவில்லை. எல்லாம் வீட்டைப் பார்த்து இருந்தன.

டென்னிஸ் என்னிடம் இதைச் சொன்னபோது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த வாரம் ரயிலேறியவர்களில் பாதிப் பேர் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். அன்று இரவு அவரவர் கட்டிலில் தூங்கினார்கள்.

அவனும்தான்.

வாசற்படிக்கு ஓரடி முன்னால் ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் முன்னால். அவன் அதில் தன் காலை வைத்தான். சரியாக உட்கார்ந்தது.

பின்னால் பேனாவின் கீறல் நின்றது.

"ராத்திரி முழுக்க அங்கயேதானே நின்ன," என்றான் வில்ஃப். "ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதாடா?"