நான்கு மூலையிலும் மஞ்சள்

அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று காகிதமும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதற்கு முதலில் நன்றி. நிதானமாக என்று என்னிடம் யாரும் சொல்லி வெகுநாளாகிறது.

தட்சிணாமூர்த்தி ஆகிய நான் எதையும் யோசிக்காமல் தேர்ந்தெடுத்தவன் இல்லை. ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் ஆர்டினரியா, அர்ஜென்டா என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்து சொல்வேன். என் மனைவி காந்திமதிக்கு அது பிடிக்காது. "நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டோல இருக்கறவங்களுக்கு நரைச்சிடும்" என்பாள். பேபி அக்காவிடமும் சொல்லிச் சிரிப்பாள். பேபி அக்கா எங்கள் பக்கத்து வீடு.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருடம் அங்கே பழைய புத்தகக் கட்டு ஒன்றில் ஒரு சீட்டு கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த படச் சீட்டு. ஒரு கிரிக்கெட்காரர் மட்டையை ஊன்றி நிற்கிறார். நான்கு மூலையும் அன்றைக்குத்தான் அச்சகத்திலிருந்து வந்தவை போல இருந்தன. பிஸ்கட் டப்பாவில், ஈரம் படாமல், பன்னிரண்டு வருடம் காப்பாற்றினேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு ஒரு காகிதத்தை ஈரம் படாமல் வைத்திருப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இந்த மாதிரிச் சீட்டுகளுக்கு மார்க் போடுவதற்கென்றே கம்பெனி இருப்பதாக அங்கிருக்கும் என் அக்கா மகன் எழுதினான். லென்ஸ் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி அனுப்புவார்களாம். மூலைதான் முக்கியமாம். விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருந்தது. சாதாரணம் என்றால் ஐந்து மாதம், விரைவு என்றால் ஒரு மாதம், அவசரம் என்றால் ஒரே வாரம். பல நாள் யோசித்தேன். அவசரமாகப் பார்ப்பவன் கண்ணுக்குக் குறைதான் முதலில் தெரியும். சாதாரணத்தில் டிக் போட்டேன்.

ஐந்து மாதம். தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். ஒன்றுமில்லை சார் என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். ஆபீசில் கூட்டல் தப்பும். இரவில் தூக்கம் வராது. அந்த எரிச்சலை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் வந்தது. பத்துக்கு மூன்று. கூடவே ஒரு வரி: நான்கு மூலைகளிலும் மஞ்சள் கறை.

காந்திமதிதான். அனுப்பிய அன்று பார்சலை ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு நான் குளிக்கப் போன நேரத்தில் சீட்டில் மஞ்சள் தடவியிருக்கிறாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"நல்ல காரியமா அவ்ளோ தூரம் அனுப்பறீங்க. கல்யாணப் பத்திரிகைக்கே நாலு மூலையிலயும் மஞ்சள் வைக்கறோம். நல்லபடியா வரணும்னுதாங்க வச்சேன்."

அப்புறம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மூணுன்னா பாஸா?"

நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

உறையை அறுத்துச் சீட்டை வெளியே எடுத்தேன். பஞ்சும் பொறுமையுமாக ஒவ்வொரு மூலையாகத் துடைத்தேன். கார்த்திகை மாதம் வந்துவிட்டது. ஏரி நிரம்பினால் காந்திமதிக்கு இளைப்பு வரும். வாயில் வைத்து அடிக்கிற மருந்துதான் கேட்கும், பம்பு என்பாள் அவள். அது தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் நிலைவாசலுக்கு மஞ்சள் பூசிவிட்டு வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. "ஆட்டோ பாருங்க" என்றாள். நான் சட்டை மாட்டிக்கொண்டேன். துடைத்த சீட்டை மறுபடி மார்க்குக்கு அனுப்பப் பார்சல் தயாராக இருந்தது. தாம்பரம் கூரியர் ஆபீசில் நான்கு மணிக்குப் பை கட்டிவிடுவார்கள். விட்டால் திங்கட்கிழமைதான்.

நான் கூப்பிடுவதற்குள் பேபி அக்காவே ஓர் ஆட்டோவை நிறுத்தி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணா, அவங்க இழுக்கற மூச்சு எங்க வூடு வரிக்கும் கேக்குது. சீக்கிரம் இட்டுகினு போங்க. நான் கூட வர்ட்டா?"

"வேண்டாங்க. பம்பு அடிச்சாச்சு. இப்பதான் கண்ணசந்தா. எழுப்பாதீங்க" என்றேன்.

கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன். உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லாமல், எப்போதும் போல "ஏங்க" என்று கூப்பிட்டாள். அக்கா அதற்குள் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

"ஆஸ்பத்திரிக்கா சார்? பேஷன்ட் எங்க?" என்று ஆட்டோக்காரர் துரை கேட்டார்.

"கூரியர் ஆபீசுக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போனோம். ஆட்டோவிலேயே விண்ணப்பத்தை முட்டிமேல் வைத்து, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். அவசரம். வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் போட்டேன், மனசு லேசாக இருந்தது. பை கட்டுவதற்குள் கொடுத்துவிட்டேன். திரும்பி வர அவசரம் எதுவும் இல்லை. பஸ்ஸில் வந்தேன். காம்ப் ரோடில் நெரிசல், நின்று நின்றுதான் வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அவள் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தாள். கதவைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. கதவின் உட்புறம் தாழ்ப்பாள் உயரத்தில் மஞ்சள் விரல்கள், அதற்குக் கீழே இன்னும் சில, அடி மூலை வரைக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மூலையில் இருந்தது மட்டும் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் நீங்கள் பேபி அக்காவை விசாரிக்க ஆரம்பித்தீர்கள்.

மறதி என்று எழுதிக் கொடுங்கள், கேஸ் லேசாகும் என்று வக்கீல் சொன்னார். எனக்கு மறதி கிடையாது. பம்பை முந்தின நாளே வாங்கிவிட்டேன். என் பையில் பிரிக்காமல் இருந்ததை எடுத்து நீங்களே மேசைமேல் வைத்தீர்கள். அவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். யோசித்துத்தான் முடிவு செய்தேன். அவளைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளவே இல்லை சார். அவள் காத்திருந்தது ஒரே ஒரு மத்தியானம். நான் ஐந்து மாதம் காத்திருந்தேன்.