ஜெரோஷின் நாற்பத்தொரு மேற்கோள்கள்

உங்கள் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஃபாதர். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கேட்டீர்கள் அல்லவா, ஏன் அப்படிச் சொன்னேன் என்று. முதலிலிருந்தே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்கிறேன். இன்றைக்கும் புது நோயாளிகள் என்னைப் பார்த்ததும், "சர் கப் ஆயேங்கே?" என்று, சார் எப்போது வருவார் என்றுதான் கேட்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை. சார் வரமாட்டார் என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுக்கச் சொல்வேன்.

நான் இருந்தேன் என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் உண்டு. முதுகெலும்பில் ஸ்க்ரூவை எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்று நான் எழுதிய கட்டுரை. மற்ற டாக்டர்கள் தங்கள் கட்டுரையில் அதைச் சுட்டிக்காட்டினால் அது ஒரு மேற்கோள். எனக்கு அறுபத்தெட்டு. அதில் நாற்பத்தொன்று, இதே ஊரில் பாணேர் பக்கம் இருக்கும் ஜெரோஷ் என்ற ஒரே டாக்டர் தந்தவை.

மனம் சோர்ந்த நாட்களில் அவன் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துப் படிப்பேன். அங்கே என் பெயர் இருக்கும். யாரோ கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்பது போல இருக்கும்.

ஒரு மாநாட்டில் என் மகள் ஃபேபியோலாவுக்கு அவனை நான்தான் அறிமுகப்படுத்தினேன். வீட்டுக்கு வரும் வழியில், "மம்மி, வோ தோ உங்க பேப்பர் பத்தியே பேசறான். க்யூட்டா இருக்கான்ல?" என்றாள். இருந்தான். எனக்கும் சந்தோஷம்தான். நிச்சயமானது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை நீங்கள் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தீர்கள்.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சித் தலைவர் பதவிக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. அறுபது மேற்கோள் வேண்டும். ஏழாம் விதி: உறவினர் தந்த மேற்கோள்கள் கழிக்கப்படும். கல்யாணம் ஒன்பதாம் தேதி. தேர்வுக் குழு கூடுவது பதினெட்டாம் தேதி.

தள்ளிப் போடச் சொல்லிப் பார்த்தேன். "ஹால் நஹீ மிலேகா, மம்மி" என்றாள். வேறு தேதியில் மண்டபம் கிடைக்காதாம். ஜெரோஷ் வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஃபேமிலி, ஆன்ட்டி. எல்லாப் பேப்பர்லயும் உங்களைப் போட்டுடறேன்" என்றான். அதுவரை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே ஓலையில் வாசித்தீர்கள்? அதனால் வந்து சொன்னேன். ஜெரோஷ் என் கணவர் எட்மண்டின் மகன் என்று. ஃபேபியோலாவுக்கு அண்ணன் முறை என்று.

யோசிக்காமல் சொல்லவில்லை. ஜெரோஷின் அம்மா தாபோடி ஸ்கூலில் டீச்சராக இருந்தவர். பெற்றோர் இருவருமே இப்போது இல்லை. அதனால் யார் மனமும் புண்படாது. எட்மண்டுக்கு இரத்த அழுத்தமும் கிடையாது, அதையும் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் விசாரித்துவிட்டுப் போன பிறகு எட்மண்ட் நெடுநேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எஸ்தர், எனக்கு ஒரு பையன் இருக்கானாமே. நல்லாப் படிச்சவனாமே?" என்றார். குரலில் லேசான பெருமை இருந்தது. ஃபேபியோலா மட்டும், "அண்ணனா? பாகல் ஹோ க்யா, மம்மி? பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் ரகசியம் காத்தீர்கள், ஃபாதர். தப்பு உங்கள் ஜன்னலுடையது. நான் சொன்ன அன்று அதற்கு வெளியே டாக்டர் ஆண்டனி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எங்கள் தேர்வுக் குழுவின் செயலாளர். கணவரின் மகன் என்றால் நெருங்கிய உறவு என்று நேற்று கடிதம் அனுப்பியிருக்கிறார். நாற்பத்தொன்றையும் கழித்துவிட்டார்கள். மிச்சம் இருபத்தேழு.

மருமகன் உறவென்றால் மகனும் உறவுதான். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பஞ்சுத் துண்டைக்கூட உள்ளே விட்டுத் தைத்ததில்லை நான். இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது பொய். எட்மண்ட் அந்த டீச்சரைப் பார்த்ததுகூடக் கிடையாது. இதை வரும் ஞாயிறு, பதினேழாம் தேதி, பூசையில் அறிவித்துவிடுங்கள். ஆண்டனி முன் வரிசையில்தான் உட்காருவார். மூன்றாவது ஓலையை மட்டும் பதினெட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் தேதிதான் போய்விட்டதே, இனி என்ன அவசரம்?

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. இன்று காலை அழுதேன். ஜெரோஷின் புதுக் கட்டுரை வெளிவந்திருக்கிறது, ஃபாதர். அதே ஸ்க்ரூ, அதே கோணம். கடைசிப் பக்கத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். என் பெயர் இல்லை. அந்தப் பையனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?