முனியப்பன் இழுக்காத சுருட்டு

தியாகதுருகத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரப் பெண் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

"மூணு வாட்டி பத்த வெச்சும் முனியப்பன் சுருட்டு இழுக்கலக்கா."

"ஐயையோ! அப்புறம்?"

"வாயில வெச்சதுமே அணைஞ்சி போச்சி. சாமி கோவமா இருக்குது, ஆட்டுக்கெடா கேக்குதுன்னுட்டாரு பூசாரி. எங்க வூட்ல இருக்கறதே ஒரு கெடாதான்."

"கடையில வாங்கின சுருட்டா?"

"இல்லக்கா, வேண்டுதலாச்சேன்னு எங்க வூட்டுக்காரரே சுத்தினாரு. அழகா இருக்கட்டும்னு உலக்கை மாரி இறுக்கிட்டாரு. மனுசன்னா தம் கட்டி இழுப்பான். செலை எங்க இழுக்கும்? தானா காத்து போனாத்தான எரியும்?"

"நீ இன்னா பண்ண?"

"வேற பொகையில எடுத்து, நடுவுல ஈர்க்குச்சிய வெச்சி லேசா சுத்தினேன். அப்புறம் குச்சிய உருவிட்டேன். காத்துக்கு வழி கெடச்சிதா, கடைசி வரைக்கும் பொகைஞ்சிக்கினே இருந்திச்சி."

"சாமிக்கு கோவம் போயிடுச்சின்னு சொல்லு."

"சாமிக்குப் போயிடுச்சி. இப்ப பூசாரிதான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காரு. வெட்டினா கெடாத்தல அவருக்குத்தானக்கா!"