கடைசியாக எழுதிய தேதி

மியோங்-சுக்: செத்துப்போனவ எழுதினாளா? எப்போ?

சே-ரின்: செவ்வாய்க்கிழமை, மேடம்.

மியோங்-சுக்: எந்த வருஷத்துச் செவ்வாய்?

சே-ரின்: முந்தாநாள்.

மியோங்-சுக்: நல்லவேளை, நாளையோட நான் ஓய்வு. பேய்ங்களைப் புது இயக்குநர் பார்த்துக்கட்டும்.

சே-ரின்: சிரிக்காதீங்க மேடம். நம்ம ஆவணக் காப்பகத்துல இருந்த விடைத்தாள், நோட்டு, கடிதம் எல்லாத்தையும் ஏஐ கிட்டக் குடுத்தோம்ல... அது கையெழுத்தை வெச்சு ஆளுக்கொரு கோப்பு போட்டிருக்கு. கூ யோங்-ரான், வரலாறு ரெண்டாம் வருஷம். எண்பதாம் வருஷம் மே மாசம் போராட்டத்தை அடக்கச் சிப்பாய்ங்க ஊருக்குள்ள வந்தப்போ செத்துப்போனவ. அவ கோப்புல ‘கடைசியாக எழுதிய தேதி’... முந்தாநாள்.

மியோங்-சுக்: என்ன எழுதினாளாம்?

சே-ரின்: ‘கதவைச் சாத்தவும். காகிதத்தில் ஈரம் ஏறுகிறது.’ நீங்க கதவுல ஒட்டின சீட்டு, மேடம். அன்னிக்குத் தவறிப்போய் ஸ்கேனுக்குள்ள போயிடுச்சு.

மியோங்-சுக்: ஓ, அவ்வளவுதானா! குலை நடுங்க வெச்சிட்டியே. யோங்-ரான் இரவுப் பள்ளியில எனக்கு டீச்சர்ம்மா. நான் தையல் ஃபேக்டரிப் பொண்ணு. கல்லூரி மலர்ல போடுவாங்களே, ‘தையல் மெஷினிலிருந்து பேராசிரியர் நாற்காலிக்கு’ன்னு... படிச்சதில்லையா?

சே-ரின்: மனப்பாடமே ஆயிடுச்சு.

மியோங்-சுக்: வாய் நீளுது உனக்கு. டீச்சர் கையெழுத்து மாணவிக்கு ஒட்டிக்கிச்சு, போதுமா? அந்தக் கோப்பை அழிச்சிடு.

சே-ரின்: அஞ்சு மணிக்கு எல்லாமே கிளவுடுக்கு ஏறப்போகுது. அழிக்கணும்னா உங்க கையெழுத்து வேணும்.

மியோங்-சுக்: ஏறிட்டா?

சே-ரின்: யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். திரும்ப எடுக்க முடியாது.

மியோங்-சுக்: குடு, போடுறேன். திரையிலயேவா?... இந்தா, போட்டாச்சு.

சே-ரின்: ஏத்துக்கல, மேடம். ‘கையொப்பமிட்டவர் கூ யோங்-ரான். இவருக்கு அனுமதி இல்லை’ங்குது.

மியோங்-சுக்: மெஷினுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு.

சே-ரின்: உங்க பேர்லயும் ஒரு கோப்பு இருக்கு. அந்த இரவுப் பள்ளி நோட்டெல்லாம் ஒரு பெட்டி வந்துதே, அதுல மூணு நோட்டுல ‘தாக் மியோங்-சுக்’னு இருக்கு. கோணக்கை... அழுத்தி அழுத்தித் தாளே கிழிஞ்சிருக்கு.

மியோங்-சுக்: அப்போ அப்படித்தான் எழுதினேன். போகப் போக மாறிச்சு.

சே-ரின்: மாறல, மேடம். நின்னுடுச்சு. மே மாசத்துக்கு அப்புறம் அந்தக் கை எங்கயுமே எழுதல. ஆகஸ்ட்ல, பள்ளிக்கூடம் முடிக்காதவங்க எழுதுற தகுதித் தேர்வுக்கு ‘தாக் மியோங்-சுக்’னு விண்ணப்பம் போட்டது... யோங்-ரான் கை.

மியோங்-சுக்: பார்லி டீ இருக்கு. குடிக்கிறியா?

சே-ரின்: பேச்சை மாத்தாதீங்க.

மியோங்-சுக்: ...சரி, கதையாக் கேளு. ரெண்டு பொண்ணுங்க. துண்டுப் பிரசுரம் அடிச்சாள்னு ஒருத்தியைப் போலீஸ் தேடுது. இன்னொருத்தி அநாதை, காணாமப் போனாத் தேட நாதி கிடையாது. ஓடுறப்போ படிச்சவ தன் பையை அவகிட்டக் குடுத்தா. பைக்குள்ள அடையாள அட்டை. குண்டு பட்டவ முகம்... முகமா இல்ல.

சே-ரின்: பையைப் பார்த்துப் பேர் எழுதிட்டாங்க.

மியோங்-சுக்: செத்தவளை எவன் தேடுவான்? அவ வீட்டு வாசல்லயும் போலீஸ் நிக்காது. ஒரு மாசம் செத்தவளா இருந்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னுதான்...

சே-ரின்: நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!

மியோங்-சுக்: கத்தாதே.

சே-ரின்: யோங்-ரான் தங்கச்சி வருஷா வருஷம் அந்தக் கல்லறையில புல்லு வெட்டுறாங்க. வெட்டிட்டு வந்து, ‘உள்ள இருக்கிறது அக்கா மாதிரியே தோணல’ன்னு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்காங்க. அவ அம்மாவையும் மூணு வருஷம் முன்னாடி பக்கத்துலயே புதைச்சோம்... எவளோ ஒருத்திக்குப் பக்கத்துல!

மியோங்-சுக்: போயிட்டாங்களா...? இரு. புதைச்சோமா? சே-ரின், நீ யாரு?

சே-ரின்: அந்தத் தங்கச்சியோட பொண்ணு. பெரியம்மா கையெழுத்தை ஒரு தடவை பார்க்கணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன். மணி நாலு ஐம்பத்தெட்டு. சொல்லுங்க மேடம்... நிறுத்தவா, ஏத்தவா?

மியோங்-சுக்: ஏத்திடு... உங்கம்மா யோங்-ஹீ இன்னும் தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாளா?